‘அன்னப் பொய்கை’யும் அதன் இசையும்

மொஸ்கோ நகரின் பொல்ஷோய் அரங்கில் 1877 ஆம் ஆண்டு முதன்முறையாக ஆடப்பெற்ற ‘அன்னப் பொய்கை’ என்னும் பலே நாடகம் அன்று பெரும் பாராட்டைப் பெற்றிலது. இசை ஆடலுக்கு ஒவ்வாத அளவு கனத்தது, சிம்பனி போன்றது என்பது அக்காலத்தார் சிலர் கண்ட குறை. பலேயின் இசையிடம் அன்று பெரும்பாலும் வேண்டப்பட்டவை காலுக்கு ஏற்ற தாளமும் காதுக்கினிய மெட்டுமே. சைக்கோவ்ஸ்கி வழங்கியதோ கதையைத் தானே நடத்திச் செல்லும் இசை. இந்நாடகம் இன்றும் வாழ்வது அக்‘குறை’யினாலேயே எனத் துணிந்து கூறலாம்.

ரைசிங்கர் அமைத்த முதல் ஆடல் வழக்கொழிந்தது. சைக்கோவ்ஸ்கி 1893 இல் மறைந்தபின், சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் மரியின்ஸ்கி அரங்குக்காக 1895 இல் பெற்றிப்பாவும் இவானோவும் அமைத்த ஆடலே பின்வந்தோர் பலருக்கும் அடிப்படையாயிற்று. அப்பொழுது இசையும் முற்றாகத் தப்பவில்லை. திரிகோ என்பார் சில பகுதிகளை நீக்கினார். சிலவற்றை இடம் மாற்றினார். மாயக்காரன் மகள் ஓடைல் மூன்றாம் அங்கத்தில் இளவரசனை மயக்கும் புகழ்பெற்ற ஆடலின் இசை முதலங்கத்திலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டதாகும். அவ்விடத்தில் லெஞ்ஞானி என்னும் இத்தாலிய நங்கை ஒற்றைக் காலில் 32 முறை சுழன்றாள். அச்சுழற்சி இன்றும் கைதட்டல் பெறுகிறது. கதை அவ்வேளை நின்றுவிடுவதைக் கைதட்டுவோர் எண்ணுவதில்லை.

இத்தனை மாற்றத்துக்கும் அசையாது நின்றது ஒரு மெட்டு. நரம்புக் கருவிகள் நடுங்க, ஹாப் என்னும் யாழ்வகை அலையென ஒழுக, ஒபோ என்னும் துளைக்கருவி அதனைத் துயரச் சாயல்கொண்ட பி மைனரில் எழுப்பும். அன்னமாகச் சபிக்கப்பட்ட ஓடெற்றின் குரலாகவே அது நமக்குக் கேட்கிறது. ஓடைலை ஓடெற் என நம்பி இளவரசன் வாக்களித்து ஏமாந்தமை வெளிப்படும்போது அம்மெட்டு வாத்தியக் குழு முழுவதிலும் வெடித்தெழுகிறது. எவரும் வாய்திறவாத இக்கலையில் ஒரு துரோகத்தை இதனினும் தெளிவாக உணர்த்துதல் அரிது.

முடிவோ அமைப்போர்தோறும் வேறுபடும். 1895 இல் காதலர் இருவரும் பொய்கையில் வீழ்ந்து மாய்ந்தனர். 1950 இல் சேர்கெயெவ் லெனின்கிராட்டில் அமைத்த வடிவில் மாயக்காரன் அழிய, காதலர் வாழ்ந்தனர். இறுதியில் அதே மெட்டு பி மேஜருக்கு மாறிப் பெருமுழக்கமாய் எழுவதால் இரண்டு முடிவுக்கும் இசை இடந்தருகிறது. ஆயினும் மங்கல முடிவோடு கேட்கையில் அம்முழக்கம் சற்றே மிகையாகத் தோன்றும். காதலர் இருவரும் நீரில் மறைந்தபின் கேட்கையிலேதான் அது தன் கனத்துக்கேற்ற பொருளைப் பெறுகிறது.