வந்த பருவமும் வாராத பெயரும்: இளவேனிற் குறிகளை மொழிபெயர்த்தல்

பருவத்தின் வரவைப் பெயர் கூறி அறிவிப்பது ஒரு செயல். குறி காட்டி அறிவிப்பது மற்றொரு செயல். முன்னதில் செய்தி சொல்வோரிடமிருந்து வருகிறது. பின்னதில் ஒரு பறவையோ தளிரோ காற்றோ செய்தியைக் கொண்டுவர, கேட்போர் தாமே அதனை உணர்ந்துகொள்கின்றனர். நம் மொழிபெயர்ப்புகளில் இவ்விரு செயல்களும் பெரும்பாலும் ஒன்றாக்கப்பட்டுவிடுகின்றன. மூலம் எம்மொழியாயினும், அங்கே மரம் துளிர்த்தால் தமிழில் 'வசந்தம்' வந்துவிடுகிறது; பறவை கூவினால் அது 'குயில்' ஆகிவிடுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது இதே சுருக்கம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. இச்சுருக்கத்தால் இழக்கப்படுவது அழகு மட்டுமன்று, பொருளும் இழக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

1. பெயர் கூறாப் பாடல்கள்

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியைப் பாடியவர் ஓதலாந்தையார். அதில் 341 முதல் 350 வரையுள்ள பாடல்கள் இளவேனிற்பத்து எனப்படும். பிரிந்து சென்ற தலைவன் குறித்த பருவம் வந்துவிட்டது, அவன் வரவில்லை என்று தலைவி வருந்துவதே பத்துப் பாடல்களுக்கும் பொதுவான சூழல். பத்தும் ஒரே வகையில் தொடங்கி, 'பொழுது' என்னும் சொல்லில் முடிகின்றன. இடையில் மாறுவது குறி ஒன்றே.

இப்பத்துப் பாடல்களுள் ஒன்றிலும் 'இளவேனில்' என்னும் சொல் இல்லை என்பது கருதத்தக்கது. அது பத்தின் தலைப்பில் மட்டுமே நிற்கிறது. பாடலுக்குள் பருவத்தைச் சுட்டுவது 'தான்' என்னும் பெயர். அப்பெயர் எதனைச் சுட்டுகிறது என்பதற்குரிய சொல் முன்னர் வரவில்லை. தலைவியும் தோழியும் அறிந்த ஒன்றைப் பெயரிட வேண்டுவதில்லை. அன்றியும், வராதவனைப் பற்றிய வேதனையில் வந்ததற்குப் பெயர் சொல்ல அவளுக்கு மனமில்லை என்று கொள்ளவும் இடமுண்டு. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இங்கே பருவத்தின் பெயரைப் பெய்து எழுதினால் வாக்கியம் தெளிவாகும். தலைவியின் மௌனம் மறையும்.

வினையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'வந்தன்று' என்பது ஒன்றன்பால் இறந்தகால உடன்பாட்டு முற்று. 'வந்தது' என்பதே பொருள். இன்றைய தமிழர் செவிக்கு அது எதிர்மறைபோல் ஒலிக்கிறது. பழந்தமிழ் கற்பிக்கும் வகுப்பில் மாணவர்கள் இதனை 'வரவில்லை' என்று பொருள்கொள்வதை இக்கட்டுரையாளர் பன்முறை கண்டிருக்கிறார். வராதவனையும் வந்த பருவத்தையும் எதிரெதிர் நிறுத்தும் பாடலில் இப்பிழை நேர்ந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

இனிக் குறிகளை நோக்குவோம். நுண்மணலோடு அசையும் அறல்நீர், வண்டு மொய்க்கும் நுணா, முகையுடையும் கோங்கு, பாவை போன்ற உறுப்பைத் தரும் குரவு, புதிதாய்ப் பூத்த அதிரல், பாதிரி, பொரி போன்ற பூவையுடைய புன்கு, மரா, மா, வேம்பு என இவை விரிகின்றன. இவற்றுள் மரா எம்மரம் என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. குயில் இரண்டு பாடல்களில் மட்டுமே வருகிறது. ஆயினும் இளவேனில் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது குயில் ஒன்றே. பத்துக் குறிகளை ஒன்றாகக் குறைத்தது யார்? பிற்காலச் செய்யுள் மரபும் பாடநூல்களும் திரைப்பாடல்களும் சேர்ந்து செய்த வேலை இது என்றே தோன்றுகிறது.

மாமரத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். வடமொழிக் காவியங்களில் வசந்தத்தின் தலையாய குறி மாம்பூங்கொத்து. அது காமன் கணைகளுள் ஒன்று. இளவேனிற்பத்தில் மாமரம் தருவதோ தீப்போன்ற நிறமுடைய இளந்தளிர். கிளை மறையும்படி செந்தளிர் விடுவதே இங்குக் குறி. வடமொழி மரபில் தோய்ந்த மொழிபெயர்ப்பாளரின் கை தன்னையறியாமல் 'மாம்பூ' என்று எழுத விரையும். பூ நறுமணம் தரும், காமத்தைத் தூண்டும். நெருப்பு நிறத் தளிர், பாலையின் வெம்மையை மரத்தின் மேல் ஏற்றிக் காட்டும். தலைவன் நடந்துகொண்டிருக்கும் காடு தலைவியின் முற்றத்து மரத்தில் தெரிகிறது. தளிரைப் பூவாக்கினால் அக்காடு மறைந்துவிடும்.

'இளவேனில்' என்னும் பெயரமைப்பும் இதனோடு ஒத்துச் செல்கிறது. அது வேனிலின் இளமை. பனியிலிருந்து விடுபட்ட மகிழ்ச்சியை விட, வரவிருக்கும் வெப்பத்தின் முதற்படியையே அச்சொல் சுட்டுகிறது. தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிமையாக்குவது இதனால் விளங்கும். வடமொழி 'வசந்த' என்னும் சொல்லோ இலத்தீன் 'வேர்', உருசிய மொழியின் 'வெஸ்னா' ஆகியவற்றோடு ஒரே வேரினின்று கிளைத்தது. காளிதாசரின் பெயரால் வழங்கும் இருதுசங்காரம் கோடையில் தொடங்கி வசந்தத்தில் நிறைவுறுகிறது. அங்கு வசந்தம் ஆண்டின் முடி. இளவேனிலோ ஒரு தொடக்கம். அதுவும் அஞ்சத்தக்க ஒன்றன் தொடக்கம். இவ்விரு சொற்களையும் ஒருபொருட் பன்மொழியாக அகராதிகள் தருவதில் பிழையில்லை. அகராதியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பில்தான் பிழை உண்டு.

2. குயிலும் குக்கூவும்

வேர்ட்ஸ்வொர்த் 1802இல் எழுதி 1807இல் வெளியிட்ட குக்கூப் பாடலின் பறவை, தமிழுக்கு வரும்போது பெரிதும் குயிலாகவே வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகள். இரண்டும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவை. ஆனால் குறியாகச் செயற்படும் முறையில் இவை வேறானவை. இங்கிலாந்தின் குக்கூ ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து ஏப்ரல் அளவில் வந்து சேரும் வலசைப் பறவை. அதன் குரல் கேட்டால், முன்பு இல்லாதது இப்போது வந்தது என்று பொருள். நம் குயில் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. பனிக்காலத்தில் அது அடங்கியிருக்கிறது. காக்கை கூடு கட்டும் காலம் நெருங்கும்போது ஓயாது கூவத் தொடங்குகிறது. அங்கே வரவு, இங்கே வாய்திறப்பு. அண்மையிலேயே இருந்தும் பேசாதிருந்த ஒன்று பேசுவதைக் கேட்கும் தலைவியின் நிலையும், தொலைவிலிருந்து திரும்பிய ஒன்றை வரவேற்கும் கவிஞனின் நிலையும் ஒன்றாக மாட்டா.

ஆங்கிலக் குக்கூவுக்கு வேறொரு பொருளும் உண்டு. மனைவியின் கற்பில் ஐயுறும் கணவரை ஏளனம் செய்யும் குரல் அது. ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடக இறுதியில் வரும் வசந்தப் பாட்டு இதனை அடிப்படையாகக் கொண்டதே. அயல் கூட்டில் வளர்தலை வடமொழியாரும் அறிவர். குயிலுக்குப் 'பரபிருதம்', அதாவது பிறரால் வளர்க்கப்பட்டது, என்று பெயரிட்டனர். அச்செய்தி அங்குப் பெயராயிற்று, ஆங்கிலத்தில் ஏளனமாயிற்று. தமிழ் அகப்பாடலில் அது பேசப்படும் பொருளே அன்று. எனவே தமிழ்க் குயிலை ஆங்கிலத்தில் 'குக்கூ' என்றால் கேட்பவர் மனத்தில் வேண்டாத சிரிப்பொன்று எழக்கூடும். இந்தியிலிருந்து ஆங்கிலம் ஏற்றுக்கொண்ட 'கோயல்' என்னும் சொல் இருக்க, இதற்குத் தேவையும் இல்லை.

பால் வேறுபாடும் சிந்திக்கத்தக்கது. கூவென உயர்ந்து செல்லும் அந்தப் பெருங்குரல் ஆண்பறவையுடையது, கருநிறமும் அதற்கே. பெட்டை பழுப்புநிறத்தில் வெண்புள்ளிகளோடு காணப்படும். அதன் குரல் விட்டொலிக்கும் குறுங்குரல். இளவேனிற்பத்தின் முதற்பாடலில் இனிய குரலில் அகவுவது பெட்டை. ஆறாம் பாடலில் வரும் குயில் சிவந்த கண்ணும் கரிய நிறமும் உடையது. எனவே அது இயற்கைக்கு முற்றும் பொருந்திய ஆண்குயில். சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் அது 'குயிலோன்' என ஆண்பால் விகுதி பெற்று, காமனின் படையில் பணிமொழி கூறும் ஏவலனாக வருகிறது. பாரதியின் குயிலோ மீண்டும் பெண். வடமொழியார் 'பும்ஸ்கோகிலம்' என ஆணை வெளிப்படக் கூறினர். தமிழில் 'குயில் கூவிற்று' எனப் பால் காட்டாமல் நழுவிவிடலாம். 'அவன்', 'அவள்' என்று சுட்டும் மரபைக் கொண்ட ஆங்கிலக் கவிதைக்கு அவ்வாறு நழுவுவது எளிதன்று. இவ்விடத்தில் விலங்கியலைத் துணைக்கழைத்து முதற்பாடலைத் திருத்துவது தகாது. தலைவி கேட்டது பெட்டையின் குரல். அவள் காதில் அது தன்னினத்தின் குரல்.

வினைச்சொற்களும் கருதத்தக்கன. முதற்பாடலில் குயில் 'அகவு'கிறது. இன்று அவ்வினையை மயிலுக்கு ஒதுக்கிவிட்டோம். ஆறாம் பாடலில் 'அறை'கிறது; பறையறைந்து செய்தி சொல்லும் வினை அது. அழைத்தலும் அறிவித்தலும் ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் 'பாடுகிறது' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தல் சோம்பலன்றி வேறன்று.

3. வாக்கியமான பறவைகள்

குயிலினத்தைச் சேர்ந்த பிற பறவைகள் மொழியியலாருக்கு இன்னும் சுவையான சான்றுகளைத் தருகின்றன. அக்காக்குயில் எனத் தமிழில் வழங்கும் பறவை கோடைத் தொடக்கத்தில் மூன்றசை ஒலியை மேன்மேலும் உயர்த்திக் கத்துவது. இந்தி பேசுவோர் அதனைப் 'பீ கஹான்', என் காதலர் எங்கே, என்று கேட்கின்றனர். வங்காளியர் செவியில் அது 'சோக் கேலோ', கண் போயிற்று, என்று ஒலிக்கிறது. மராத்தி உழவருக்கு 'பேர்த்தே வ்ஹா', விதைக்கத் தொடங்குங்கள், என்பதாம். குடியேற்றக்கால ஆங்கிலேயர் அதற்கு மூளைக்காய்ச்சல் பறவை என்று பெயரிட்டனர். ஒரே ஒலி, ஒருவர்க்குப் பிரிவு, ஒருவர்க்கு வலி, ஒருவர்க்கு வேலை, ஒருவர்க்கு நோய்.

நான்கு அசையில் கூவும் மற்றொரு பறவை வங்கத்தில் 'பொவ் கொதா கவ்', பெண்ணே பேசு, எனப்படும். குமாவூன் மலையில் அதே குரல் 'காபல் பாக்கோ', காபல் பழம் பழுத்தது, என்றாகிறது. அங்கு வழங்கும் கதையில், தாய் பறித்துவைத்த காபல் பழங்கள் வெயிலில் வாடிக் கூடையில் குறைந்து தோன்றுகின்றன. மகள் தின்றுவிட்டாள் என்று எண்ணித் தாய் அடித்த அடியில் சிறுமி இறக்கிறாள். மழை பெய்து பழங்கள் மீண்டும் பருத்துக் கூடை நிறைந்தபோது தாய் உண்மை உணர்ந்து உயிர்விடுகிறாள். பழுத்ததென்றும் நான் சுவைக்கவில்லையென்றும் அப்பறவை கூவுவதாக மலைமக்கள் கூறுவர். காபல் பழுக்கும் பருவத்தின் குறியே அங்கு ஒரு குற்றமின்மையின் முறையீடாகவும் நிற்கிறது.

இப்பறவையைப் பறவையியல் நூலின்படி 'இந்தியக் குயில்' என்று தமிழில் எழுதுவது அறிவியற்படி சரியானது. கதையில் அது ஊமைப்பறவையாகிவிடும். ஒலிபெயர்த்து அடிக்குறிப்பிடுவதும் நிறைவளிக்கவில்லை. குரலைக் கேட்கவேண்டிய நொடியில் வாசகர் கண்ணைப் பக்கத்தின் அடிக்குத் தாழ்த்துகிறார். ஒலியை அப்படியே தந்து, பொருளைக் கதைமாந்தர் வாயிலாகவோ கதைகூறுவோர் வாயிலாகவோ அடுத்த வாக்கியத்தில் அமைப்பதே ஏற்றதென இக்கட்டுரையாளர் கருதுகிறார். கவிதைக்கு இது இயலாது. ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களைப் பெயர்த்த 'த இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' (1967) நூலில் திணையிலக்கணத்தைப் பின்னுரையில் விளக்கினார். பாடல்களுக்குள் விளக்கத்தைத் திணிக்கவில்லை. தொகுப்பு நூலுக்கு அது நல்வழி. இதழில் தனியே அச்சாகும் பாடலுக்குப் பின்னுரை இல்லை என்பதே சிக்கல்.

4. மாதப் பெயர் என்னும் பொய்ந்நட்பு

ஈண்டு இக்கட்டுரையாளர் தம் பிழையொன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் வங்கச் சிறுகதையொன்றைத் தமிழாக்கியபோது, 'பால்குன்' என்பதைப் பங்குனி என்றும், 'சொய்த்ர' என்பதைச் சித்திரை என்றும், 'பொய்சாக்' என்பதை வைகாசி என்றும் எழுதினார். சொற்பிறப்பியல்படி இவை இணைச்சொற்களே. கதை அச்சான பின்னர்க் கல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த வாசகர் ஒருவர் ஓர் அஞ்சலட்டையில் ஒரே வினாவை எழுதி அனுப்பினார்: உங்கள் கதையில் வைகாசி முதல் நாள் புத்தாண்டு பிறக்கிறதே, அது எந்த நாட்டில்?

வினா முற்றிலும் நியாயமானது. வங்காளியரும் தமிழரும் கதிரவனின் இராசி இயக்கத்தை ஒட்டியே மாதங்களை வகுத்தவர்கள். ஏப்ரல் நடுவில் கதிரவன் மேடம் புகும்போது இரு நாட்டாருக்கும் ஆண்டு பிறக்கிறது. அம்மாதத்தை நாம் சித்திரை என்கிறோம். அவர்கள் பொய்சாக் என்கின்றனர். மலையாளத்தார் இராசிப் பெயராலேயே மேடம் என்று வழங்கிக் குழப்பத்தினின்று தப்பினர். ஆகவே நாட்களை ஒப்பிட்டால் பால்குன் நமக்கு மாசி. சொய்த்ர நமக்குப் பங்குனி. பெயரால் நெருங்கியவை பொழுதால் ஒரு மாதம் விலகி நிற்கின்றன.

பருவக் கணக்கு இதனினும் வியப்பைத் தரும். வங்கத்தில் பால்குனும் சொய்த்ரவும் வசந்தம். பொய்சாக் பிறந்தால் கோடை. அதே நாட்களில் நமக்கு இளவேனில் அப்போதுதான் பிறக்கிறது. மாசியும் பங்குனியும் நம் கணக்கில் பின்பனி. அசாமியருக்கோ அதே ஏப்ரல் நடுவில் பிறக்கும் பொஹாக் மாதத்தின் ரொங்காலி பிஹு வசந்த விழா. மகளிர் கூந்தலில் கொபௌ என்னும் ஆர்க்கிடு மலரைச் சூடுவர். ஒரே நாளில் ஒருவர் வசந்தத்தை வழியனுப்ப, அண்டை நாட்டார் அதனைக் கொண்டாட, தெற்கே நாம் வேனிலின் இளமையை எண்ணத் தொடங்குகிறோம்.

இரவீந்திரநாதரின் 'பால்குனி' நாடகம் 1917இல் ஆங்கிலத்தில் 'த சைக்கிள் ஆஃப் ஸ்பிரிங்' ஆயிற்று. மாதத்தைக் கைவிட்டுப் பருவத்தைப் பற்றிக்கொண்ட அத்தலைப்பை முன்னர் இக்கட்டுரையாளர் எளிமைப்படுத்தல் என்று குறைகூறியதுண்டு. இன்று அவ்வாறு கூறத் துணிவில்லை. மாதப்பெயர் மொழிக்கு மொழி ஏமாற்றும். பலாசு பூப்பது ஏமாற்றாது.

ஆனால் பலாசிலும் எச்சரிக்கை வேண்டும். இலையுதிர்ந்த கிளையில் செந்நிறமாய்ப் பூக்கும் அம்மரத்தைத் தமிழில் புரசு என்றும் கூறுவர். ஆங்கிலத்தில் அதற்குக் 'காட்டின் சுடர்' என்னும் பொருளுடைய பெயர் உண்டு. அதே பெயரை மடகாசுக்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றைக்கும் நம் நாட்டில் வழங்குகின்றனர். ஆங்கில வழியாக வங்கக் கதையைப் பெயர்ப்பவர், மாசியில் பூக்கும் நாட்டுமரத்திற்கு மாற்றாக, சித்திரை வெயிலில் பூக்கும் அயல்மரத்தை நட்டுவிடக்கூடும்.

அச்சிறுகதை பின்னர் ஒரு தொகுப்பில் சேர்க்கப்பட்டபோது திருத்துவதற்கு வாய்ப்புக் கிடைத்தது. மாதப் பெயர்கள் மூன்றும் நீக்கப்பட்டன. பலாசு பூத்ததும், குளத்து நீர் படிக்கட்டில் இரண்டு படி இறங்கியதும் மூலத்திலேயே இருந்தன. அவையே காலத்தைக் காட்டப் போதுமானவை. 'புத்தாண்டு' என்ற சொல் மட்டும் மாதமின்றி நின்றது. 'குயில்' என்று முதலில் எழுதியிருந்த இடத்தில் 'பொவ் கொதா கவ்' திரும்ப வந்தது. கதையில் கணவனோடு பேச மறுத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெண் ஏன் அக்குரல் கேட்டு எழுந்து உள்ளே போனாள் என்பது, முதல் பதிப்பின் வாசகர் ஒருவருக்கும் விளங்கியிருக்க வழியில்லை.