நூலில் ஏறிய நிலக்கரி

'கார்பன் வரி' என்றதும் ஏதோ ஐரோப்பிய சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பதினைந்து வருஷம் நீங்களும் கட்டியிருக்கிறீர்கள். ரசீதுதான் தரவில்லை.

2010-ல் மத்திய அரசு நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டது. சுத்தமான எரிசக்திக்காகவாம். 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு 28 காசு.

கட்டியது யார்? கரண்ட் பில்லைப் பார்த்தால் தமிழ்நாட்டு ஏழை தப்பிவிட்டார் போலிருக்கும். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளருக்கு 2023-லிருந்து 300. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேலை நெய்கிறவரைப் பாருங்கள். அவர் தறிக்குக் கரண்ட்டே வேண்டாம், ட்யூப்லைட்டும் ஃபேனும்தான். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் ராப்பகலாக ஓடுகிறது. மில்லுக்கு இலவச யூனிட் கிடையாது. முடிந்த மட்டும் நூல் விலையில் ஏற்றிவிடுவார்கள். பாவு ஓட்டும்போதே 28 காசின் துணுக்கு ஒன்று தறிக்குள் வந்துவிடுகிறது. சேலை விலையை ஏற்றலாமே என்பீர்கள். பக்கத்துக் கடையில் பவர்லூம் சேலை தொங்குதே! கடைசியில் கூலியில்தான் இடிக்கும். சிட்டா நூலுக்கு 15 சதவிகித மானியம் தந்தார்கள், உண்மைதான். அதற்கும் அளவு வரம்பு.

சொந்த மாடி உள்ளவர் கதை வேறு. 2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் சோலார் தகடு போட 78,000 ரூபாய் வரை மானியம். வாடகை வீட்டில் இருப்பவர் அதே மாடியில் வடாம் காயப் போடவே வீட்டுக்கார அம்மாவைக் கேட்க வேண்டும்.

வரியே தப்பு என்று சொல்ல வரவில்லை. மூணு ஏசி ஓட்டுகிறவர் கட்டட்டும். என் சண்டை, வசூலான பணம் எங்கே போச்சு என்பதில். கனடாவில் 2019 முதல் பல மாகாணங்களில் எரிபொருள்மேல் வாங்கிய கார்பன் வரியில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். (2025 ஏப்ரலில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். அரசியல்!) இங்கே 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய், மாநிலங்களின் வருமான இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது. காற்றைச் சுத்தமாக்க வாங்கிய காசு கஜானா ஓட்டையை அடைத்தது.

2025 செப்டம்பர் 22-ல் செஸ்ஸை நீக்கி, நிலக்கரிக்கு ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவிகிதமாக்கினார்கள். இப்போது வரி எடைக்கு அல்ல, விலைக்கு. சாம்பல் நிறைந்த மட்டமான கரிக்கு டன்னுக்குக் குறைவு, நல்ல கரிக்கு அதிகம். மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் கரிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது அப்படியே கரண்ட்டில் ஏறி, ராஜபாளையம் மில்லில் நூலாகி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுகிறது.