அலறி முடித்த பிறகு பாருங்கள்

சாபம் பிடித்த படப்பிடிப்பைக் கதையாக வைத்து எடுக்கப்படும் சின்ன பட்ஜெட் ரத்தப்படங்களில், நடிகையை எடைபோட நம் ரசிகர்களிடம் ஒரே ஒரு படிக்கல்தான் இருக்கிறது: அலறல். குரல் அரங்கைக் கிழித்தால் பிரமாதம். கொஞ்சம் போலியாகக் கேட்டால் ஓவர் ஆக்டிங். இதைவிடத் தவறான மதிப்பீட்டு முறை இந்த வகைப் படங்களுக்கு வேறு இல்லை என்பது என் கட்சி. கவனிக்க வேண்டிய இடம் அலறல் ஓய்ந்த பிறகு வருகிறது. எதிரே நிற்பவர் அடுத்த வசனத்தைத் தொடங்கியிருக்க மாட்டார், 'கட்' என்ற குரலும் வந்திருக்காது. நடுவில் தொங்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் நடிகை எடுக்கும் முடிவுதான் ஆட்டம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பந்து மட்டையை ஏமாற்றிவிட்டுப் போன பிறகு மட்டையாளரின் கால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவருக்குத்தான் அடுத்த பந்தின் கதை தெரியும், இங்கேயும் அப்படியே.

நான் முக்கியமாகப் பேசப்போவது ஒரே ஒரு நடிகையைப் பற்றி. 2017இல் ஜப்பானில் வந்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' படத்தின் முதல் 37 நிமிடத்தைத் தூக்கிச் சுமக்கும் இளம் பெண். முகமூடிக் கொலைகாரன் நிற்க வேண்டிய இடத்தில் ஜாம்பிகள் நிற்கிறார்கள் என்பதைத் தவிர, அந்த 37 நிமிடத்தின் எலும்புக்கூடு முழுக்க ஸ்லாஷருடையதுதான். ராணுவம் பிணங்களை வைத்துச் சோதனை நடத்தியதாக வதந்தி உலவும் பாழடைந்த கட்டடம், சாபத்தை வேண்டுமென்றே எழுப்பும் வெறிபிடித்த இயக்குநர், ஒவ்வொருவராகச் சரியும் யூனிட், கடைசியில் கோடரியோடு மிஞ்சும் ஒரு பெண். வசூல் கதையை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 30 லட்சம் யென்னில் எடுத்த படம் 300 கோடி யென்னைத் தாண்டியது என்பதோடு நான் அதை விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு வகையாகப் பிரிகிறார்கள். முதல் 37 நிமிடத்தோடு எழுந்து போனவர்கள், அந்தப் பெண்ணுக்கு நடிப்பு வரவில்லை என்றார்கள். கடைசிவரை உட்கார்ந்தவர்கள், அந்த 37 நிமிடம் எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டும் பின்பாதியைப் பார்த்துவிட்டு, அடடா, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறதே என்று திரைக்கதையைக் கொண்டாடினார்கள். எனக்கு இரண்டாம் தரப்பின் மீதுதான் கூடுதல் வருத்தம். அவர்கள் எல்லாப் பெருமையையும் எழுதி இயக்கிய ஷினிசிரோ உவேடாவுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை அவர் கையில் இருந்த பொம்மையாக்கிவிட்டார்கள். காரணம் பின்னால் வரப்போகிறது என்பது இயக்குநருக்கு வசதி. நடிகைக்கு அது பாரம். பின்னால் சொல்லப்படும் காரணத்துக்குப் பொருந்தும்படி, முன்னாலேயே, ஒரே டேக்கில், சரியான விதத்தில் மோசமாக நடித்து வைக்க வேண்டியிருந்தது அவர்தான்.

அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். நிஜ நடிகை ஒருவர். அவர் ஏற்றிருப்பது ரசிகர் கூட்டம் உள்ள ஓர் இளம் நட்சத்திரத்தின் வேடம். அந்த நட்சத்திரம் ஒரு தொலைக்காட்சி நேரலையில் சினிமா நடிகையாக நடிக்கிறாள். அந்தச் சினிமா நடிகை ஒரு ஜாம்பி படத்தின் நாயகியாக நடிக்கிறாள். நான்கு பேர், ஒரே தொண்டை. இதில் நட்சத்திரத்தின் குணம் முக்கியம். ஒத்திகையில் அருவருப்பான எதையும் மேலே படவிடாமல் நழுவுவாள். தனக்கு ஆட்சேபம் இல்லை, நிறுவனம்தான் ஒப்புக்கொள்ளாது என்பாள். கண்ணீருக்குச் சொட்டு மருந்து போதும் என்பாள். ஆக, முதல் காட்சியில் வரும் அலறல் சும்மா மோசமாக இருந்தால் போதாது. தன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளும் ஒருத்தியின் அலறலாக அது இருக்க வேண்டும். அந்த நடிகை கொடுப்பது அதைத்தான். ஒலி முழுசாக இருக்கிறது, முகம் மட்டும் அழகாகவே நிற்கிறது. கதைப்படி அது 42ஆவது டேக். இயக்குநர் அவள் முகத்தில் பொய் இருக்கிறது என்று வெடிக்கிறார். அந்தக் கோபம் ஸ்கிரிப்டில் இருந்ததா, ஒத்திகைக் காலம் முழுக்க அடக்கி வைத்ததா என்பது பின்பாதியில்தான் நமக்குத் தெரியும். ஆனால் திட்டு வாங்கும் முகத்தில், அதைக் கேட்பது வேடமா, நட்சத்திரமா என்று பிரிக்க முடியாத ஒரு திகைப்பு இருக்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தத் திகைப்பு மட்டுமே எனக்குத் தெரிந்தது. இயக்குநரின் கத்தல் காதில் விழவேயில்லை.

இனி, நான் சொன்ன அந்த நொடிகளுக்கு வருகிறேன். அந்தப் படத்தில் அவை நொடிகளாக நிற்பதில்லை, நீண்டுகொண்டே போகின்றன. இடைவேளையில் நாயகியும் நாயகனும் மேக்கப் பெண்மணியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு செத்துப்போகிறது. பொழுதுபோக்கு என்ன என்று யாரோ கேட்கிறார்கள், மறுபடியும் பேச்சு சாகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு இது மட்டமான எழுத்து. திரைக்குப் பின்னால் ஆள் தயாராகாமல் நேரத்தை இழுக்கச் சொல்கிறார்கள் என்பது பிறகு தெரியும். அப்படி இழுக்கும்போது நடிகை எந்த நபராக மூச்சு விடுவது? பதறும் நட்சத்திரமாகவா, சாவகாசமான சினிமா நடிகையாகவா? பதற்றத்தைக் காட்டினால் முதல் பாதியிலேயே குட்டு உடையும். முழுக்க மறைத்தால் இரண்டாம் பாதியில் அவள் ஏன் பதறுகிறாள் என்று கேள்வி வரும். அவர் எடுத்த முடிவு, முகத்தை வேடத்துக்குக் கொடுத்துவிட்டு உடம்பைக் காத்திருக்க விடுவது. விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் நம்மவர்கள் மரக்கட்டை என்றார்கள்.

பிறகு, ஜாம்பியாகிவிட்ட காதலன் நெருங்கும் இடத்தில் அந்த நீளமான அலறல். அது முடிய வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. கேமரா பார்க்கிறது, அவர் அலறுகிறார், மூச்சு வாங்குகிறார், மறுபடி அலறுகிறார். அளவு தெரியவில்லை என்றார் ஒரு நண்பர். அளவு தெரிந்ததால்தான் அப்படி. ஒவ்வொரு மூச்சு வாங்கலிலும் அடுத்து என்ன என்று கேட்கும் ஒரு சின்ன வெறுமை முகத்தில் வந்து போகிறது. அந்த வெறுமை வேடத்துக்கு உரியதல்ல, நட்சத்திரத்துக்கு உரியது. கடைசி ஷாட்டில், மொட்டை மாடியில் ரத்தத்தால் வரைந்த நட்சத்திரக் குறியின் மேல் நின்று மேலே பார்க்கிறார். கேமராவைத் தூக்க வேண்டிய கிரேன் உடைந்து, யூனிட்டே ஒருவர் மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டுகிறது. எல்லோரும் அந்தக் கோபுரத்துக்குக் கைதட்டுகிறார்கள், நியாயம்தான். ஆனால் அது எழும்பித் தள்ளாடி நிலைகொள்ளும்வரை இடம் மாறாமல், முகம் இறங்காமல் நின்றவர் யார்?

அலறலை வைத்து நடிகையை எடைபோடக் கூடாது என்பதற்கு அறிவியலும் துணைக்கு வருகிறது. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, மனித அலறலின் தனித்தன்மை அதன் உரத்தில் இல்லை, ஒலியின் ஏற்ற இறக்கம் நொடிக்கு 30 முதல் 150 முறை அதிர்வதால் வரும் கரகரப்பில் இருக்கிறது என்று காட்டியது. சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு நாலைந்து முறைதான். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இன்னொன்றைச் சொன்னார்கள்: நிஜ அலறலையும் நடித்த அலறலையும் கேட்டு மட்டும் பிரிப்பதில் மக்கள் தோற்றுவிடுகிறார்கள். காதால் பிரிக்க முடியாத ஒன்றை வைத்து நடிகைக்கு மதிப்பெண் போடுவதில் என்ன அர்த்தம்? வித்தியாசம் இருந்தால் அது அலறலுக்கு முன்னும் பின்னும், மூச்சிலும் தோளிலும் கண்ணிலும்தான் இருக்க முடியும். அதுவும் தமிழ் ரசிகர்களுக்கு இது கஷ்டமே இல்லை. ஒருவர் முகமும் இன்னொருவர் டப்பிங் குரலுமாகப் பல பத்தாண்டுகள் படம் பார்த்தவர்கள் நாம். குரலை ஒதுக்கிவிட்டு உடம்பைப் பார்க்கும் பயிற்சி நமக்கு ஏற்கெனவே உண்டு.

இயக்குநர் பிரையன் டி பால்மா பொய் அலறல், நிஜ அலறல் என்ற இந்தக் கேள்வியை 1981லேயே 'ப்ளோ அவுட்' படத்தில் நடுநாயகமாக வைத்தார். தொடக்கத்தில் ஒரு மட்டமான ஸ்லாஷர் ஓடுகிறது, குளியலறையில் ஒரு பெண் அலறுகிறாள், அலறல் பரிதாபமாக இருக்கிறது. நல்ல அலறல் ஒன்றுக்கான தேடல் படத்தின் கடைசிவரை நீள்கிறது. முடிவின் கொடூரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் குளியலறைப் பெண்ணைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பரிதாபமான அலறலை அரங்கு நம்பும்படி கொடுத்தவர் அவர்.

கனடாவில் எடுத்த 'கர்ட்டன்ஸ்' (1983) படத்தின் தயாரிப்பே ஒரு சாபக்கதை. படப்பிடிப்பு நின்று, திருத்தப்பட்டு, வருடக்கணக்கில் இழுத்தது. இயக்குநர் தன் பெயரை எடுத்துவிட, கதைக்குள் வரும் இயக்குநரின் பெயரே இயக்கியவர் பெயராகத் திரையில் ஓடுகிறது. அதிலும் பனிச்சறுக்குக் காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பைத்தியக்காரி வேடத்துக்காக மனநல மருத்துவமனைக்குள் போய் மாட்டிக்கொள்ளும் நடிகையின் பாத்திரத்தை யாரும் அலசுவதில்லை. 2000இல் வந்த ஆஸ்திரேலியப் படம் 'கட்' பழைய ஸ்லாஷர் ஒன்றை முடிக்கப் பார்க்கும் மாணவர்களின் கதை. அங்கேயும் பேச்செல்லாம் முகமூடிக்காரனைச் சுற்றியே. முகமூடிக்காரனுக்கு மெதுவாக நடந்து வந்தால் போதும். செத்துப்போன படப்பிடிப்புக்குத் திரும்பி வரும் நடிகையின் வேடத்தில் இருப்பவர், வேலைக்காக அலறுவதையும் உயிருக்காக அலறுவதையும் ஒரே வீட்டுக்குள் செய்து காட்ட வேண்டும். எது கடினம் என்று ரசிகர் மன்றங்களே முடிவு செய்யட்டும்.

பொய்யான அலறலில் நடிகை தன் முகத்தைக் கதைக்குள் இருக்கும் கேமராவுக்குக் கொடுப்பார். தரையில் ஒட்டிய குறியை விட்டு நகர மாட்டார். நிஜ அலறலில் குறியையும் வெளிச்சத்தையும் விட்டு ஓட வேண்டும். ஆனால் அப்போதும் நம்மைப் படம்பிடிக்கும் உண்மையான கேமராவின் போகஸுக்குள் இருந்தாக வேண்டும். அடுத்த முறை நடிகையின் காலைப் பாருங்கள். குறியை மறக்கும் நடிகைகளும் உண்டு, மறந்ததாக நடிக்கும் நடிகைகளும் உண்டு. என் ஓட்டு இரண்டாமவருக்கு.

இந்தப் பட வகை அழியாது. தயாரிப்பாளர்கள் இதை விடாததற்குக் காரணம் கணக்கு. படப்பிடிப்புத் தளமே லொகேஷன். லைட் ஸ்டாண்ட், கேபிள், மேக்கப் நாற்காலி எல்லாம் ஏற்கெனவே அங்கே கிடக்கின்றன, கலை இயக்கத்துக்குத் தனிச் செலவு இல்லை. ஆள் குறைந்தால் யூனிட்டில் ஒருவரை நிறுத்திக் கொல்லலாம். காப்புரிமை காலாவதியான கரடிப் பொம்மையைக் கொலைகாரனாக்கி, 1 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் 2023இல் இங்கிலாந்திலிருந்து ஒரு படம் வந்து காசு பார்த்தது. அந்த அலை ஓயும்போது, கையில் காசில்லாத இயக்குநர்கள் சாபம் பிடித்த படப்பிடிப்புக்குத்தான் திரும்புவார்கள். இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அலறலை இனி செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்று பயப்படுகிறார்கள். 1951இல் ஒரு படத்துக்காகப் பதிவான 'வில்ஹெல்ம்' அலறல் நூற்றுக்கணக்கான படங்களில் ஓடி முடிந்திருக்கிறது. வாடகை அலறல் சினிமாவுக்குப் புதிதே இல்லை. சின்னப் படங்களில் அலறலை மென்பொருள் விழுங்கும் என்றே கணிக்கிறேன். அதனால் நடிகைகளுக்கு நஷ்டமில்லை. குரல் போனால் மிச்சம் இருப்பது அந்த நடுநொடி. அதைத் தயாரிக்க ஒருவர் நிஜமாகவே அங்கே நின்று, தான் யாராக மூச்சு விடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

ஆபத்து வருவது எடிட்டிங் மேசையிலிருந்து. ரீல்ஸ் வேகத்துக்குப் பழகிய கைகள், அலறல் முடிந்த இடத்திலேயே வெட்டிவிடுகின்றன. இன்னும் சில ஆண்டுகளுக்கு அது மோசமாகும். அதற்கு எதிராக ஒரே டேக் படங்கள் பெருகும், ஏனென்றால் அவற்றில் அந்த நொடியை வெட்ட யாருக்கும் வழியில்லை. அடுத்த பெரிய நடிப்பு அங்கிருந்துதான் வரும்: செல்போன் கேமராவில், பெயர் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து, ஐந்து வருடத்துக்குள். முதல் வாரம் அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்பார்கள். மூன்றாம் வாரம் இயக்குநரைக் கொண்டாடுவார்கள். முகமூடிக்காரனுக்கு இரண்டாம் பாகம் கிடைக்கும், ஒலி வடிவமைப்புக்கு விருது கிடைக்கும், அந்தப் பெண் அடுத்த தணிக்கைச் சான்றிதழ்வரை வேலை தேடிக்கொண்டிருப்பார். இந்தக் கடைசிக் கணிப்பில் மட்டும் நான் தோற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தோற்கடிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.