தோற்ற நாயகரும் தோல்வி மறந்த நினைவும்: அமெரிக்க மேற்கத்தியத் தொலைக்காட்சித் தொடர்கள் குறித்த ஏக்கம் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

கழிந்துபோன காலத்தை எண்ணி இரங்குதல் இலக்கியத்தின் மிகப் பழைய பாடுபொருள்களுள் ஒன்றாகும். தமிழ் மரபு அதற்கெனத் தனித் துறையே வகுத்துள்ளது. பாரியை இழந்த அவன் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாடல் பொதுவியல் திணையில், கையறுநிலைத் துறையில் அடக்கப்பட்டுள்ளமை நாம் அறிந்ததே. இன்று இவ்வுணர்வு தொலைக்காட்சியையும் தன் களமாக்கிக் கொண்டுள்ளது. 1950களிலும் 1960களிலும் அமெரிக்க வீடுகளை ஆண்ட மேற்கத்தியத் தொடர்கள் 'மீ டிவி' போன்ற அலைவரிசைகளில் மீண்டும் மீண்டும் ஒளியேறுகின்றன. அவற்றில் நடித்தோர் ஒவ்வொருவராக மறையுந்தோறும், நேர்மையும் துணிவும் கொண்ட அத்தகைய நாயகர் இனி வாரார் என்னும் புலம்பல் எழுகின்றது. இவ்வேக்கம் வரலாற்றுக்கு நீதி செய்வதில்லை என்பது பலரும் கூறியதே. அது தான் போற்றும் தொடர்களுக்குமே நீதி செய்வதில்லை என்பதனை இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்கின்றோம்.

ஏக்கத்தின் மேல் ஏக்கம்

1958-59ஆம் பருவத்தில் அமெரிக்காவில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட 10 நிகழ்ச்சிகளுள் 7 மேற்கத்தியத் தொடர்களாகும். முதல் நான்கு இடங்களும் அவற்றுக்கே உரியனவாயின. முதலிடம் பெற்ற 'கன்ஸ்மோக்' 1955 செப்டம்பர் 10இல் தொடங்கி 1975 மார்ச் 31 வரை 20 பருவங்களில் 635 அங்கங்களாக ஒளியேறியது. அதன் கதைக்களம் கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் நகரம். அந்நகரின் கால்நடை வணிகமோ 1870களின் நடுப்பகுதியில் தழைத்து 1885 அளவில் முடிவுற்றது. நகரின் புகழ்க்காலம் ஏறத்தாழப் பத்தாண்டுகள். அதனைப் பற்றிய நாடகமோ இருபதாண்டுகள்.

அப்பத்தாண்டுகளும் திரையில் கண்டவாறு குருதி தோய்ந்தவை அல்ல. வரலாற்றறிஞர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா 1968இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1870 முதல் 1885 வரை கான்சாஸின் ஐந்து கால்நடை நகரங்களிலும் சேர்த்து நிகழ்ந்த கொலைகள் 45 மட்டுமே. டாட்ஜ் நகருக்குள் துப்பாக்கி ஏந்திச் செல்வதற்குத் தடையும் இருந்தது. எனினும், 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லைப்புறக் கோடு மறைந்துவிட்டதென அறிவிக்க, 1893இல் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் அவ்வெல்லைப்புறமே அமெரிக்கப் பண்பை உருவாக்கியது என்று வாதிட்டார். இழந்த பின்னரே மேற்குப்புலம் போற்றத்தக்க பொருளாயிற்று. எனவே 1955இன் பார்வையாளர் 1875ஐ எண்ணி ஏங்கினார். இன்றைய பார்வையாளர் அவ்வேக்கத்தையே எண்ணி ஏங்குகின்றார். இவ்விரு அடுக்குகளையும் பிரித்தறிதல் திறனாய்வின் முதற்பணி எனலாம்.

முதல் அங்கத்திலேயே தோற்றவர்கள்

இத்தொடர்களைப் பற்றிய பொதுநினைவில் நாயகன் தோல்வி அறியாதவன், ஐயம் அறியாதவன். தொடர்களோ வேறு செய்தியைக் கூறுகின்றன. 'கன்ஸ்மோக்'கின் முதல் அங்கத்தில், தன்னினும் விரைவாகத் துப்பாக்கி எடுக்கும் கொலைஞன் ஒருவனை எதிர்கொண்டு, கூட்டரசு மார்ஷல் மேட் தில்லன் சுடப்பட்டு வீழ்கின்றார். உடல் தேறிய பின்னர், அவன் விரைவானவனே ஆயினும் தொலைவில் குறி தவறுபவன் என்று கண்டறிந்து, நெருங்கவிடாது நின்று வெல்கின்றார். தொடக்கப் பருவங்களின் பல அங்கங்கள், தில்லன் இடுகாட்டினூடே நடந்தவாறு தம் பணியின் பயன் குறித்துத் தமக்குள் பேசுவதுடன் தொடங்கின.

1958இல் தொடங்கிய 'தி ரைபிள்மேன்' தொடரும் இத்தகையதே. சாம் பெக்கின்பா எழுதிய அதன் முதல் அங்கத்தில், துப்பாக்கிச் சுடும் போட்டியில் வெல்லக்கூடிய லூக்கஸ் மெக்கெய்ன், தம் மகனின் உயிருக்கு அச்சுறுத்தல் எழுந்ததால் வேண்டுமென்றே தோற்கின்றார். தந்தையின் தோல்வியை மகன் காண நேர்வதே அக்கதையின் உயிர்நிலை. ஜேம்ஸ் கார்னர் நடித்த 'மேவரிக்' மேலும் ஒருபடி சென்று, சண்டையைத் தவிர்க்க விரும்பும் சூதாடி ஒருவரையே நாயகராக்கியது. 1959 சனவரியில் ஒளியேறிய அதன் அங்கமொன்று 'கன்ஸ்மோக்'கையே எள்ளி நகையாடியது. தன் மரபைத் தானே கேலி செய்யும் முதிர்ச்சி இவ்வகைமைக்கு அதன் உச்சக்காலத்திலேயே வாய்த்திருந்தது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

நடிகரும் பாத்திரமும்

நினைவேக்கத்தின் மற்றொரு பிழை, நடிகரையும் பாத்திரத்தையும் ஒன்றாகக் காண்பது. ஜேம்ஸ் ஆர்னஸ் 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்க்களத்தில் காலில் படுகாயமுற்றவர். அதன் துன்பம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. குதிரையேற்றம் அவருக்கு வலி மிகுந்த செயலாக இருந்தது. 2011இல் தம் 88ஆம் வயதில் அவர் மறைந்தபோது பலரும் இரங்கியது மேட் தில்லனுக்கே. வலியை மறைத்து இருபதாண்டுகள் நடித்த கலைஞரின் உழைப்பு அவ்விரங்கலில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

1959 முதல் 1973 வரை ஒளியேறிய 'பொனான்சா'வும் இங்குக் கருதத்தக்கது. தந்தை பென் கார்ட்ரைட்டாக நடித்த லோர்ன் கிரீன், அவர்தம் மூத்த மகனாக நடித்த பெர்னல் ராபர்ட்சைவிட 13 வயதே மூத்தவர். வளர்ந்த ஆடவர் ஒவ்வொரு செயலுக்கும் தந்தையின் இசைவை நாடி நிற்கும் கதைப்போக்கில் மனநிறைவு கொள்ளாத ராபர்ட்ஸ் 1965இல் தொடரை விட்டு விலகினார். இன்று குடும்ப ஒற்றுமையின் இலக்கணமாகப் போற்றப்படும் தொடரின் முதல் திறனாய்வாளர்களுள் ஒருவர் அதன் நடிகரே என்று கூறினும் மிகையன்று. 'ரோஹைட்' தொடரில் வளர்ந்த கிளின்ட் ஈஸ்ட்வுட், 1992இல் 'அன்ஃபர்கிவன்' திரைப்படத்தின்வழித் துப்பாக்கி வீரம் குறித்த கட்டுக்கதையை மறுவிசாரணைக்கு உட்படுத்தியதும் இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது.

விடுபட்டோர்

இத்தொடர்களின் குறைகளையும் மறைத்தலாகாது. கௌபாய்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. ஆயினும் மேற்கத்தியத் தொடர் ஒன்றில் நிலையான பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பின நடிகரான ரேமண்ட் செயின்ட் ஜாக்ஸ், 1965இல் 'ரோஹைட்'டின் இறுதிப் பருவத்தில்தான் இடம்பெற முடிந்தது. 'புரோக்கன் ஏரோ' தொடரில் அப்பாச்சி தலைவர் கொச்சீசாக நடித்த மைக்கேல் அன்சாரா சிரியாவில் பிறந்தவர். 1869இல் நிறைவுற்ற கண்டங்கடந்த இருப்புப்பாதைக்குச் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைத்திருக்க, 'பொனான்சா'வில் நிலையான இடம்பெற்ற சீனர் சமையற்காரர் ஒருவரே. பல்லினச் சமுதாயத்தில் கற்பிக்கும் நமக்கு, ஓரினம் பிறிதோர் இனத்தை எந்த வாயிலில் நிறுத்தி வைக்கின்றது என்னும் வினா அயலாருடையதன்று.

முடிவுரை

இவ்வேக்கத்திற்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. தந்தையின் அருகமர்ந்து கறுப்பு வெள்ளைத் திரையைக் கண்ட மாலைப் பொழுதுகளையே மக்கள் நினைக்கின்றனர். அதனை வரலாற்றுத் தராசில் நிறுத்தல் முறையன்று என்பது அவ்வாதம். அது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. கையறுநிலை இரங்குவோரின் உண்மை. ஆனால் நல்ல இரங்கற்பா இழந்த பொருளையும் உள்ளவாறு காட்டுகின்றது. பாரி மகளிர் தம் குன்றைப் பிறர் கொண்டதை மறைக்கவில்லை; கபிலர் பாரி நாட்டுச் சிறுகுளத்தின் உடைவைப் பாடாது விடவில்லை. தோல்வி கூறப்பட்டமையாலேயே அப்பாடல்களில் பாரியின் பெருமை குன்றாது நிற்கின்றது.

மேற்கத்தியத் தொடர்கள் குறித்த ஏக்கம் இப்பண்பைப் பெறவில்லை. தில்லன் வீழ்ந்ததை மறந்து வென்றதை மட்டும் நினைப்போர், அவரைப் படைத்த எழுத்தாளரினும் எளிய மனிதராக அவரை ஆக்கிவிடுகின்றனர். வெகுமக்கள் கலையை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். மாணவர் தம் பெற்றோரிடம் கேட்டறிந்த பழைய தொடர் ஒன்றைப் பற்றிய நினைவை முதலில் எழுதட்டும். பின்னர் அத்தொடரின் முதல் அங்கத்தைக் கண்டு மீண்டும் எழுதட்டும். இரு எழுத்துகளுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு, நினைவு எதனைக் காக்கின்றது, எதனைக் கைவிடுகின்றது என்பதை நம் விரிவுரைகளினும் தெளிவாக அவர்களுக்கு உணர்த்தும்.