கட்டாரிக்கும் கம்புக்கும் ஒரே பகடையா?

ஆவடியில் ஒரு மொட்டை மாடி அறை, ஞாயிறு மதியம், நாலு பேர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். என் பாத்திரம் கட்டாரியால் குத்தினாள். எதிரி வளையக் கவசம் போட்டிருந்தான். பகடையில் 11. “படல” என்றான் ஆட்டத்தை நடத்துபவன். கம்பால அடிச்சிருந்தாலும் இதே கவச எண்ணைத்தான் தாண்டணும். அங்கேதான் எனக்குக் கடுப்பு ஆரம்பித்தது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் இருக்கின்றன. ஒருமுறை போய்ப் பாருங்கள். பிடி குறுக்கே இருக்கும். முஷ்டியை மடக்கினால் அலகு முன்கையின் நீட்சியாக நிற்கும். மணிக்கட்டு மடங்காமல் தோளின் பலம் நேராக முனைக்குப் போகும். பல கட்டாரிகளில் முனை மட்டும் தடித்திருக்கும். வாள் வெட்டுக்கு மசியாத இரும்பு வலையில் ஒரே ஒரு வளையத்தைப் பிளந்தால் போதும் என்ற கணக்கு அது. ஆவடிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே தயாராகும் அர்ஜுன் டாங்கியின் 120 மி.மீ. பீரங்கி சுடும் கவசத்துளைப்பு அம்பும் இதே யோசனைதான்: நீளமான, ஒல்லியான உலோகம், மொத்த வேகமும் ஒரு புள்ளியில்.

விளையாட்டுக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1971இல் வந்த ‘செயின்மெயில்’ எந்த ஆயுதம் எந்தக் கவசத்தை எப்படித் தாக்கும் என்று அட்டவணையே போட்டது. 1978இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி விதிநூலிலும் அது இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அட்டவணை பார்த்தால் சண்டை சாயங்காலம்வரை இழுக்கும். அதைக் கழற்றிவிட்டதை நான் குறை சொல்லமாட்டேன்.

என் சண்டை 2000இல் வந்த மூன்றாம் பதிப்போடுதான். அதில் ‘பஞ்சிங் டேகர்’ என்ற பெயரில் கட்டாரி இருக்கிறது. சேதம் சாதாரணக் குத்துவாளுக்கு உள்ள அதே நாலு முகப் பகடை. அபூர்வமாகக் குத்து சரியாக அமைந்தால் மும்மடங்கு. கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதே நூலில் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காத ‘தொடுதல்’ தாக்குதல் உண்டு. அது யாருக்கு? மந்திரவாதியின் கதிருக்கு! அந்த விதிகளின் வழிவந்த ‘பாத்ஃபைண்டர்’ 2011இல் கிட்டத்திலிருந்து சுடும் துப்பாக்கிக்கும் அந்தச் சலுகையைத் தந்தது. வழி இருந்தது, கட்டாரிக்குத் தரத்தான் யாருக்கும் தோன்றவில்லை. 2014 பதிப்பின் அடிப்படை ஆயுதப் பட்டியலில் அது பெயருக்குக்கூட இல்லை.

‘கர்ப்ஸ்’ இதில் நேர்மையானது: கவசம் முதலில் சேதத்தைக் கழிக்கும், குத்தில் மிஞ்சி உள்ளே போவது இரட்டிக்கும். ஆனால் கணக்கு போட்டே கை வலிக்குது.

நிஜத்தில் இந்த மாதிரி குத்துகள் பெரும்பாலும் கட்டிப்புரளும் நெருக்கத்தில், அக்குளிலோ கழுத்திலோ விழுபவை. ஆகவே எங்கள் மேஜையில் ஒரு விதி சேர்த்தோம்: எதிரியைப் பிடித்து அமுக்கிவிட்டால், கட்டாரிக்குக் கவச எண் கிடையாது. அடுத்த ஞாயிறு நான் பகடையைத் தொடுவதற்கு முன்பே ஆட்டத்தை நடத்துபவன் தன் வீரனைப் பின்வாங்க வைத்தான். கட்டாரியைப் பார்த்து ஒருத்தன் பயந்தது அன்னிக்குத்தான் முதல் தடவை.