மண் இல்லாத தோட்டமும் மண் செய்துவந்த வேலையும்

மொட்டை மாடியில் பிவிசி குழாய்களை அடுக்கி, துளைக்கு ஒன்றாக லெட்டூஸ் நட்டு வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தோட்டம் இன்று சென்னையிலும் கோவையிலும் பலருடைய ஆசை. அதை விற்பவர்கள் மூன்று பலன்களைச் சொல்கிறார்கள்: தண்ணீர் மிச்சம், விளைச்சல் அதிகம், வேலை குறைவு. முதல் இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, நிபந்தனைகளோடு. மூன்றாவதை நான் ஏற்கவில்லை. மண்ணை எடுத்துவிட்டால், அது சத்தமில்லாமல் செய்துவந்த வேலை முழுவதும் தோட்டக்காரர் தலையில் விழுகிறது. புதிதாகத் தொடங்குபவர் எந்த முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்யலாம்.

மண்ணில்லாமல் செடி வளரும் என்பது புதுச் செய்தியல்ல. 1860களிலேயே ஜெர்மனியில் யூலியுஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் உப்புகளைக் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். அதை ஆய்வுக்கூடத்திலிருந்து பயிர்த்தொழிலுக்குக் கொண்டுவர முயன்றவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக். 1930களில் அவர் தொட்டிகளில் ஆளுயரம் தாண்டி வளர்த்த தக்காளிச் செடிகள் பத்திரிகைகளில் பெரும் பரபரப்பை உண்டாக்கின. பரபரப்பு அளவு மீறியபோது, அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லாண்டும் டேனியல் ஆர்னனும் மண், மணல், நீர் ஆகிய மூன்றிலும் தக்காளியை வளர்த்து ஒப்பிட்டார்கள். நல்ல மண்ணில் கிடைப்பதைவிட நீரில் பெரிதாக எதுவும் கூடிவிடுவதில்லை என்று 1938இல் எழுதினார்கள். இன்றும் உலகமெங்கும் பயன்படும் ஊட்டக் கரைசலுக்கு ஹோக்லாண்டின் பெயர்தான். கரைசலை வகுத்தவர்களே கொடுத்த எச்சரிக்கை இது. எந்த விளம்பரத்திலும் அது இடம்பெறுவதில்லை.

அப்படியானால் பத்து மடங்கு விளைச்சல் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? நெருக்கி நடுவதிலிருந்தும், ஆண்டு முழுவதும் பயிரிடுவதிலிருந்தும், வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பதிலிருந்தும் வருகிறது. அரிசோனாவின் யூமா பகுதி லெட்டூஸை வைத்து 2015இல் வெளியான ஆய்வுக் கணக்கின்படி, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு வயலில் சுமார் 4 கிலோ. ஹைட்ரோபோனிக்ஸ் பசுமைக்குடிலில் 41 கிலோ. கிலோவுக்கு ஆகும் தண்ணீர் 250 லிட்டரிலிருந்து 20 லிட்டராகக் குறைகிறது. அதே கணக்கில் ஆற்றல் செலவு 80 மடங்குக்கு மேல் கூடுகிறது. பெரும்பங்கு குடிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் செலவு. நம் மாடியில் குளிரூட்டிய குடில் கிடையாது. அந்தச் செலவு நமக்கு இல்லை. அந்த 41 கிலோவையும் நாம் எதிர்பார்க்கக் கூடாது. தவிர, மாடித்தோட்டத்தை வயலோடு ஒப்பிடுவதே பொருந்தாது. மண் நிரப்பிய க்ரோ பேக்கோடுதான் ஒப்பிட வேண்டும். அதில் கையால் தண்ணீர் ஊற்றுபவர் வயல் பாசனம்போல் நீரை இழப்பதில்லை. ஆனாலும் பையின் அடியில் வழிந்தோடும் நீரும், மேல்பரப்பில் ஆவியாகும் நீரும் மூடிய தொட்டியில் மிஞ்சுகின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்திருந்த சென்னைக்கு அது சிறிய லாபமல்ல.

லாபத்துக்கு விலையும் உண்டு. மண்ணில் களிமண் துகளும் மட்கும் சத்துகளைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. உரம் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் செடி உடனே தவிக்காது. கரைசலில் அந்தத் தாங்குதிறன் மிகக் குறைவு. பிஎச் அளவு 5.5க்கும் 6.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். அது ஏறிவிட்டால் இரும்பு தொட்டியில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளம் இலைகள் மஞ்சளாகும். கரைசலின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், லெட்டூஸுக்கு சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ் வரை போதும். போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் இருக்கும் வீட்டில், உரம் ஒரு சொட்டும் சேர்க்கும் முன்பே மீட்டர் 2ஐ நெருங்கும். கரைசலில் எவ்வளவு உப்பு என்பதை மீட்டர் சொல்லும். என்ன உப்பு என்பதைச் சொல்லாது. சோடியமும் குளோரைடும் நிறைந்த நீரில் எண்ணைப் பார்த்துச் சத்து போதும் என்று நினைத்தால் செடி பட்டினி கிடக்கும். ஆர்ஓ நீர் ஊற்றினால் இது தீரும். ஆனால் வீட்டு ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு அதைவிட அதிகமான நீரைக் கழித்துத் தள்ளுவதால் தண்ணீர் மிச்சம் என்ற பேச்சே அடிபட்டுப்போகும். நமக்குப் பொருத்தமானது மழைநீர். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு பெரும்பாலும் நீரை நிலத்துக்குள் அனுப்புகிறது. அந்தக் குழாயில் ஒரு கிளை பிரித்து மூடிய டிரம்மில் பிடித்தால், உப்பு மிகக் குறைந்த நீர் செலவின்றிக் கிடைக்கும்.

இந்தக் காரணங்களால், தவறு மெதுவாக வந்து சேரும் முறையே தொடக்கத்துக்கு நல்லது. குழாய் முறையில் வேரைத் தொட்டு ஓடுவது மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. சித்திரை வெயிலில் நண்பகல் கரண்ட் போனால் சில மணி நேரத்தில் செடிகள் துவண்டுவிடும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு கிராட்கி வகுத்த அசையா நீர் முறைக்கு பம்ப்பும் கரண்டும் வேண்டாம். வெளிச்சம் புகாத வாளி, மூடியில் துளை, அதில் செடிக்கூடை. கரைசல் கூடையின் அடியைத் தொடும் அளவு. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இடையில் உண்டாகும் ஈரக்காற்றில் மேல்வேர்கள் மூச்சுவிடும். மட்டம் குறைந்ததைப் பார்த்துப் பதறி வாளியை மறுபடி விளிம்புவரை நிரப்பினால் அந்த வேர்கள் மூழ்கி அழுகும். ஏ, பி என இரண்டு புட்டிகளில் வரும் அடர்சத்தையும் நேரடியாகக் கலக்கக் கூடாது; கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்து வெள்ளை வண்டலாக அடியில் தங்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வாளி நீரில் விட்டுக் கலக்க வேண்டும். துளையில் இடைவெளி இருந்தால் டெங்கு கொசு முட்டையிடும். வீட்டில் குழந்தைகள் இருக்க, இதில் அலட்சியம் கூடவே கூடாது.

பயிர்த் தேர்வில்தான் ஆசை அறிவை மிஞ்சுகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். வெப்பம் ஏறும்போது வேரின் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. வேரழுகல் பூஞ்சைகளுக்கு அதுவே வாய்ப்பு. லெட்டூஸ் கசந்து பூத்தண்டு விடுவதும் அப்போதுதான். மார்கழி, தை மாதங்களுக்கு அதை வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் வெயில் தாங்கும் வள்ளைக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, புதினா என்று போவதே அறிவு.

இவ்வளவு தொல்லைக்கு க்ரோ பேக்கே போதாதா என்று கேட்பது நியாயம். கத்தரிக்கும் வெண்டைக்கும் போதும் என்றே சொல்வேன். கீரை வகைகளில் மண்ணில்லா முறைக்குத் தனி வலிமை உண்டு: களை இல்லை, நூற்புழு போன்ற மண்வழித் தொல்லை குறைவு, பறித்த கீரையில் மண் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் வேருக்கு ஊடகமாகப் பயன்படுகிறது. இயல்பாக அதிலிருக்கும் உப்பு போக நன்றாகக் கழுவி, தட்டில் பரப்பி, ஊட்டக் கரைசல் ஊற்றினால் அதுவும் ஹைட்ரோபோனிக்ஸ்தான். ஈரத்தைப் பிடித்துவைப்பதால் ஒரு நாள் மறந்தாலும் செடி பிழைக்கும். 1940களில் ஷோல்டோ டக்ளஸ் கலிம்போங் பகுதியில் உருவாக்கிய வங்காள முறையும் இப்படி எளிய திட ஊடகத்தை நம்பியதுதான்.

மீன் தொட்டியின் நீரிலேயே செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸை அடுத்த படியாகச் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. அங்கே செடி, மீன், பாக்டீரியா என மூன்று உயிர்களின் தேவையும் ஒரே நீரில் நிறைவேற வேண்டும். மீன் கழிவின் அமோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை நிலைபெற ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் மீன்களை நிறைய விட்டால் அவை சாகும். குழாய் நீரின் குளோரினும் ஆபத்து. மீன் கழிவு இலவச உரம் என்பார்கள். அந்தச் சத்தெல்லாம் காசு கொடுத்து வாங்கும் தீவனம் வழியாக வருவது. இரும்பும், பெரும்பாலும் பொட்டாசியமும் கால்சியமும், தனியே சேர்க்க வேண்டியிருக்கும். பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல்கூட நீரில் விழாமல் பார்க்க வேண்டும்.

சிறிய கண்ணாடித் தொட்டியில் பழகிப் பார்க்கலாமே என்பார்கள். நீர் குறையக் குறைய ஏற்ற இறக்கம் வேகமாகும். சிறிய தொட்டிதான் கடினமான தொட்டி. பெரிதாக வைத்தாலோ 1,000 லிட்டர் என்பது ஒரு டன். கட்டட விதிகள் ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்றே சுமையைக் கணக்கிடுகின்றன. தரைத்தளத்தில் இடமும், கரண்ட் போனால் காற்றுப் பம்ப்பை ஓட்ட பேட்டரியும், முறை வைத்துத் தீவனம் போட ஆட்களும் உள்ள பள்ளிகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இது நல்ல முயற்சி. வெப்பம் தாங்கும் ஜிலேபி மீனும் வள்ளைக்கீரையும் அங்கே நன்றாக ஒத்துப்போகும். மீனின் உயிருக்குப் பொறுப்பேற்க ஒருவருக்கு மேல் இருப்பார்கள்.