பகலில் ஓர் ஊரடங்கு

ஊரடங்கு என்றதும் நமக்குக் கலவரம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் 2020. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1995இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பகல்நேர ஊரடங்கைக் கொண்டுவந்தது. பள்ளி நாட்களில் காலை 8.30 மணி முதல் பிற்பகல் 1.30 மணி வரை 18 வயதுக்குட்பட்டவர்கள் தெருவில் இருந்தால் காவலர் அபராதச் சீட்டு கொடுக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். பெண்கல்விக்காக இத்தனை காலம் போராடிய நாம் அந்த நோக்கத்தில் குறை காணப் போவதில்லை. நம் கேள்வி வேறு: பள்ளிக்கு வராத பிள்ளையிடம் இந்தச் சட்டம் என்ன கேட்கிறது?

'இங்கே ஏன் நிற்கிறாய்?' என்று கேட்கிறது. 'அங்கே ஏன் போகவில்லை?' என்று கேட்பதில்லை.

அங்கே போகாததற்குக் காரணங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. தம்பிக்குக் காய்ச்சல், அம்மா விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு அரசு அலுவலகத்தில் பேச ஒரு துணை வேண்டும். பள்ளிக்குப் போகும் வழியில் தொல்லை கொடுக்க ஒருவன் காத்திருக்கிறான். இத்தகைய சட்டங்களில் விதிவிலக்குகள் உண்டு. பெற்றோர் அவசர வேலையாக அனுப்பியிருந்தால் தண்டனை இல்லை. அந்த 'அவசரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டில் பெண்பிள்ளையின் தலையில் விழும் வேலை அவசர வேலை அல்ல, அன்றாட வேலை. அன்றாடத்துக்கு எந்தச் சட்டமும் விலக்கு எழுதி வைப்பதில்லை.

2004 முதல் 2009 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் 47,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் கொடுக்கப்பட்டன. பெரும்பாலானவை கறுப்பின, லத்தீன் இனப் பிள்ளைகளுக்கு. பேருந்து தாமதமாகி, பள்ளியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தவர்களும் வாசலுக்கு அருகிலேயே பிடிபட்டார்கள். அபராதம் 250 டாலர். நீதிமன்றக் கட்டணங்கள் சேர்ந்தால் இன்னும் ஏறும். பெற்றோரில் ஒருவர் உடன் வர வேண்டும். அம்மாவுக்கு ஒருநாள் கூலி போனது, பிள்ளைக்கு இன்னொரு நாள் பள்ளி போனது. தாமதமானால் வீட்டிலேயே இருந்துவிடுவது நல்லது என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். வருகையைக் கூட்ட வந்த சட்டம் கற்பித்த பாடம் இது.

இந்த ஊரடங்கு தனித்து நிற்பதல்ல. பள்ளிக்கு வராமையைக் குற்றமாக்கும் சட்டங்களின் வரிசையில் இது ஒன்று. அதே வரிசையில் இன்னொன்று பெற்றோரைத் தண்டிப்பது. 2014 ஜூனில் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டி சிறையில் ஏழு பிள்ளைகளின் தாய் ஒருவர் இறந்துகிடந்தார். வயது 55. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாததற்கான அபராதம் ஏறத்தாழ 2,000 டாலராகச் சேர்ந்திருந்தது. கட்ட முடியாமல் இரண்டு நாள் சிறைக்குப் போனவர் அவர். அந்த ஒரு கவுண்டியில் மட்டும் 2000ஆம் ஆண்டிலிருந்து 1,600க்கும் மேற்பட்டவர்கள் இதே காரணத்துக்காகச் சிறை சென்றிருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். சட்டத்தில் 'பெற்றோர்' என்றுதான் எழுதியிருக்கிறது. நடைமுறை அதை 'அம்மா' என்று வாசிக்கிறது.

'பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?' என்பவர்கள் உண்டு. டெக்சாஸ் மாநிலம் அந்தப் பயத்தைக் கடைசிவரை சோதித்துப் பார்த்தது. 2013இல் மட்டும் அங்கே சுமார் 1,15,000 வழக்குகள். 2015இல் அந்த மாநிலமே பள்ளிக்கு வராமையைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. லாஸ் ஏஞ்சல்ஸில் மாணவர்களே அமைப்புகளோடு சேர்ந்து பல ஆண்டுகள் போராடினார்கள். 2012இல் நகரமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையைப் பிடிப்பது நின்றது. அபராதத்துக்கு முன்னால் ஆலோசனையும் உதவியும் வந்தன.

திருத்தம் நல்லதுதான். ஆனால் அபராதம் குறைந்ததால் வீட்டுவேலை குறைந்துவிடாது. தம்பியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பதில் காவல்துறையிடம் இல்லை. குழந்தைகள் காப்பகத்திலும், நேரத்துக்கு வரும் பேருந்திலும், அம்மாவுக்குக் கூலியோடு கிடைக்கும் விடுப்பிலும் இருக்கிறது. தேடி வருபவர் கையில் அபராதச் சீட்டு இருந்தால் அந்தப் பெண் ஒளிந்துகொள்வாள். 'தம்பியைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தாயிற்று, நீ வாம்மா' என்று யாராவது வந்து சொன்னால் புத்தகப்பையைத் தேடுவாள்.